ஓட்டல் அடுப்படியில் தொடை உரசல், இடுக்குப் புண்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தோசைக்கல், பரோட்டாக்கல், பிரியாணி அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி என்று ஓட்டலின் உள்பக்கம் நாள் முழுக்க நிற்பவர்களுக்கான பக்கம் இது. தொடை, அக்குள், இடுப்பு, மார்புக்கு அடி, கால்விரல் இடுக்கு என்று உரசிப் புண்ணாகும் இடங்கள் எல்லாமே வெளியே சொல்லக் கூசுகிற இடங்கள். அதனால் காலை அகட்டி நடந்துகொண்டே ஷிஃப்டை ஓட்டுகிறவர்கள் அதிகம். மாஸ்டரிடமும் கேட்பதில்லை, டாக்டரிடமும் கேட்பதில்லை. இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. கையில் எண்ணெய் தெறிப்பது எப்படியோ இதுவும் அப்படி, வேலையால் வரும் காயம்.

வீட்டில் இருக்கும்போது ஒன்றும் இல்லை. வேலைக்கு வந்தால்தான் தொடை உரசிப் புண்ணாகிறது. ஏன்?

உரசல் மட்டும் காரணமென்றால் நடக்கும் எல்லோருக்கும் வர வேண்டும். காய்ந்த தோல் ஒன்றன்மேல் ஒன்று சுலபமாக நகர்ந்துவிடும். வியர்வையில் நனைந்த தோல் அப்படி நகராது. ஒட்டிப் பிடித்து இழுக்கும். மணிக்கணக்கில் ஈரத்திலேயே இருந்தால் மேல்தோல், நெடுநேரம் துணி துவைத்த விரல்நுனி மாதிரி ஊறி வெளுத்து வலுவிழக்கும். அந்த நிலையில் லேசாக உரசினாலும் உரிந்துவிடும்.

அடுத்தது உப்பு. வியர்வை காயும்போது தண்ணீர்தான் போகிறது, உப்பு தோலிலும் துணியிலும் தங்கிவிடுகிறது. மறுபடி வியர்த்து மறுபடி காயும்போது அந்த உப்பு சேர்ந்து சொரசொரப்பாகித் தேய்க்கிறது. ஓட்டலில் இதோடு மைதா, கடலைமாவு, தெறித்த எண்ணெய் எல்லாம் சேர்ந்து மடிப்புகளில் பசையாக அப்பிக்கொள்கிறது.

உரசல், ஈரம், உப்பு என்ற இந்த மூன்றில் முதலில் ஒழிக்க வேண்டியது ஈரம். அது போனால் மற்ற இரண்டும் பெருமளவு அடங்கிவிடும். கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் இதைச் சுற்றித்தான்.

குண்டாக இருப்பவர்களுக்குத்தானே இது வரும்?

இல்லை. தொடை சேர்ந்திருப்பவர்களுக்கு வாய்ப்பு அதிகம், அவ்வளவுதான். ஒல்லியாக இருப்பவருக்கு ஜட்டி ஓரத்தின் எலாஸ்டிக்கும் பேண்டின் நடுத்தையலும் அதே வேலையைச் செய்துவிடும். உடம்பைக் குறைத்தால் சரியாகும் என்று சொல்லி ஒருவரை வாயடைத்து அனுப்புவதில் எந்தப் பயனும் இல்லை. அவர் நாளைக் காலை ஐந்து மணிக்கு இட்லி அடுப்பு பற்ற வைக்க வர வேண்டும், அதற்கு இன்றைக்கே ஒரு வழி வேண்டும்.

ஒரே ஒரு காரியம்தான் செய்ய முடியும் என்றால் எதைச் செய்வது?

ஷிஃப்டின் நடுவில் உள்ளாடையை மாற்றுங்கள். களிம்பு, பவுடர் எல்லாம் இதற்கு அப்புறம்தான்.

காலையில் போட்ட ஜட்டி, டிபன் கூட்டம் முடியும்போதே நனைந்திருக்கும். அதே ஈரத்தோடு மதியச் சாப்பாட்டு நேரத்தையும் தாண்டி, இரவு பரோட்டா முடியும் வரை நிற்பதால்தான் தோல் உரிகிறது. இரண்டு மாற்று உள்ளாடை, ஒரு சின்னக் காய்ந்த துண்டு, ஈரத்துணி போட ஒரு பிளாஸ்டிக் பை. இவற்றை மட்டும் தினமும் கொண்டு வாருங்கள். டிபன் முடிந்து சாப்பாடு தொடங்குவதற்கு முன் கிடைக்கும் பத்து நிமிடத்தில் பாத்ரூம் போய், தொடை இடுக்கைச் சோப்பு போடாமல் வெறும் தண்ணீரில் கழுவி உப்பை நீக்குங்கள். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். ஒரு நிமிடம் காற்று படட்டும். பிறகு காய்ந்த உள்ளாடை.

கழுவத் தண்ணீர் வசதி இல்லையென்றால், ஈரத்துணியால் ஒரு முறை ஒற்றி, காய்ந்த துணியால் ஒரு முறை ஒற்றினாலும் போதும். நனைந்த துணியின் மேலேயே பவுடரைக் கொட்டுவதைவிட இது எவ்வளவோ மேல்.

மத்தியானம் மூன்று மணியிலிருந்து ஐந்து மணி வரை பிரேக் கிடைக்கும் ஓட்டல்களில், அந்த நேரத்தில் ஒரு குளியல் போட்டுவிட்டு, உள்ளே ஒன்றும் போடாமல் தளர்வாக லுங்கி கட்டிப் படுத்துக்கொள்ளுங்கள். மாலை ஷிஃப்டுக்கு வேறு தோலோடு போன மாதிரி இருக்கும்.

எந்த மாதிரி உள்ளாடை நல்லது?

கால் பகுதி தொடையின் பாதி வரை இறங்குகிற டிரங்க் வகைதான். இரண்டு தொடைக்கும் நடுவே துணி இருக்க வேண்டும், அதுதான் கணக்கு. சாதாரண வெட்டு ஜட்டி தொடையைத் திறந்துவிடுகிறது. போதாததற்கு அதன் எலாஸ்டிக் ஓரம் சரியாக இடுக்கு மடிப்பிலேயே போய் உட்கார்ந்து அறுக்கிறது. கொஞ்சம் எலாஸ்டேன் (இழுபடும் நூல்) கலந்த பருத்தி பின்னலாடை உடம்போடு படிந்து நிற்கும், மேலே சுருண்டு ஏறாது. வாங்கும்போது உள்பக்கத் தையலைத் தடவிப் பாருங்கள். தடித்த தையல் தொடையின் உள்பக்கம் வந்தால் அதை விட்டுவிடுங்கள்.

அளவு முக்கியம். பெரிய அளவு வாங்கினால் காற்றோட்டமாக இருக்கும் என்று நினைப்பார்கள். தொளதொளவென்ற துணி நனைந்ததும் கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு இடுக்கில் சேரும்.

பட்டாபட்டி போடலாமா?

வெட்டு ஜட்டிக்கு அது எவ்வளவோ பரவாயில்லை. காலிறக்கம் உண்டு, பருத்தி, எலாஸ்டிக் அறுப்பு இல்லை. வியர்வை குறைவாக உள்ள வேலைக்கு நன்றாகவே இருக்கும். கல்லுக்கு முன்னால் நிற்பவருக்கு அது ஒரு மணி நேரத்தில் நனைந்து சுருண்டுவிடும் என்பதுதான் சிக்கல். பட்டாபட்டிதான் வசதி என்றால் மாற்றும் இடைவெளியைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

லுங்கியை மடித்துக் கட்டித்தான் வேலை. காற்றோட்டமாகத்தானே இருக்கிறது, பிறகும் ஏன் புண் வருகிறது?

காற்று வரும், ஆனால் இரண்டு தொடைக்கும் நடுவே துணி இல்லை. ஈரத்தோல் ஈரத்தோலோடு நேராக உரசுகிறது. லுங்கிக்குள் நீளக் கால் உள்ளாடை போட்டால் பாதிப் பிரச்சினை தீரும். மடித்துக் கட்டிய லுங்கி கொதிக்கும் சாம்பார் கவிழ்ந்தாலும் காலைக் காக்காது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. பருத்தி பேண்ட் போட அனுமதிக்கும் இடமாக இருந்தால் அதற்கே மாறுங்கள்.

விளையாட்டு வீரர்கள் போடும் டிரை-ஃபிட் துணி வியர்வையை இழுத்துவிடும் என்கிறார்களே?

உண்மைதான். பாலியஸ்டர் தண்ணீரைத் தனக்குள் வைத்துக்கொள்ளாமல் வெளிப்பக்கம் கடத்திவிடும். பருத்தி நிறையக் குடித்துக்கொண்டு நெடுநேரம் ஈரமாகவே இருக்கும். ஓடுகளத்தில் டிரை-ஃபிட் சரி. அடுப்புக்கு முன்னால் யோசிக்க வேண்டும். தீப்பட்டால் பாலியஸ்டரும் நைலானும் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும், பருத்தி அப்படி உருகாது. அதனால் சட்டை, பேண்ட், ஏப்ரன் ஆகிய வெளியாடைகள் எல்லாம் பருத்தியாகவே இருக்கட்டும். திறந்த தீயில் வேலை செய்பவர்கள், தந்தூர் அடுப்புக்குள் குனிபவர்கள் உள்ளாடையையும் பருத்தி மிகுந்ததாக வைத்துக்கொண்டு, அடிக்கடி மாற்றுவதுதான் பாதுகாப்பு. பாத்திரம் கழுவுகிறவர், காய் நறுக்குகிறவர், சப்ளையர் டிரை-ஃபிட் உள்ளாடை போடுவதில் தடை ஒன்றும் இல்லை.

வாசலின், தேங்காய் எண்ணெய், பவுடர்: எதைத் தடவுவது?

வேலைக்குப் போகுமுன் காய்ந்த தோலில் பெட்ரோலியம் ஜெல்லி, அதாவது வாசலின். ஒரு பக்கத் தொடைக்குச் சுண்டுவிரல் நுனி அளவு எடுத்து மெல்லிசாகப் பூசினால் போதும். மூன்று, நான்கு மணி நேரத்தில் துணி அதைத் துடைத்து எடுத்துவிடும். உள்ளாடை மாற்றும்போது மறுபடி பூசிக்கொள்ளுங்கள். தொடையின் பரந்த உள்பக்கத்துக்கு இது நல்லது. ஆழமான மடிப்புகளுக்கு, அதாவது இடுக்கின் உள்கோடு, மார்புக்கு அடி, வயிற்று மடிப்பு போன்ற இடங்களுக்கு அவ்வளவு நல்லதில்லை. அங்கே அது ஈரத்தை அடைத்து வைத்துவிடும். அந்த இடங்களுக்குக் குழந்தைகளுக்கு டயப்பர் புண்ணுக்குப் போடும் ஜிங்க் ஆக்சைடு களிம்பு பொருத்தம். மெடிக்கலில் கிடைக்கும். வெள்ளையாக ஒட்டும், துணியில் கறை படும், ஆனால் வேலை செய்யும்.

தேங்காய் எண்ணெய் கொஞ்ச நேரத்துக்கு வழுவழுப்புத் தரும். அடுப்படிச் சூட்டில் உருகி வழிந்து துணியில் இறங்கிவிடும், ஒரு மணி நேரத்துக்குமேல் நம்ப முடியாது. வேறு எதுவும் கையில் இல்லாத நாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

பவுடரை நான் பரிந்துரைப்பதில்லை. வியர்வை குறைவாக இருக்கும்போது ஈரத்தை உறிஞ்சும், அடுப்படி வியர்வைக்கு அது கட்டிகட்டியாகத் திரண்டு மணல் மாதிரி உறுத்தும். உதறும்போது பறந்து சாப்பாட்டிலும் விழும். டால்க் பற்றி இன்னொன்று: உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2024-ல் அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக் கூடும் என்று வலுவாகக் கருதப்படும் பொருள்களின் வகையில் சேர்த்தது. பெண்கள் பிறப்புறுப்புப் பக்கம் டால்கம் பவுடர் போடும் பழக்கத்தை விட்டுவிடுவதே நல்லது.

எதைத் தடவினாலும் தடவிய கையைச் சோப்பு போட்டுக் கழுவிவிட்டுத்தான் மாவில் கை வைக்க வேண்டும்.

தீக்குப் பக்கத்தில் நிற்கும்போது வாசலின் பூசுவது ஆபத்தா?

தோலில் மெல்லிசாகப் பூசியிருப்பது தானாகப் பற்றிக்கொள்ளாது. ஆனால் தினமும் ஊறி ஊறித் துணியில் சேரும் களிம்பு வேறு கதை. களிம்பு ஊறிக் காய்ந்த துணி சீக்கிரம் பற்றும், வேகமாக எரியும் என்று பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு முகமை 2018-ல் எச்சரித்தது. துவைத்தாலும் முழுக்கப் போகாது என்றும் சொன்னது. ஆகவே மெல்லிசாகப் பூசுங்கள், உள்ளாடையோடு நிற்கட்டும். களிம்புக் கையை லுங்கியிலோ ஏப்ரனிலோ துடைக்காதீர்கள். கறை ஏறிப் பிசுபிசுத்த உள்ளாடையைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

இப்போதே உரிந்துவிட்டது, எரிகிறது. இன்னும் ஆறு மணி நேரம் வேலை இருக்கிறது. என்ன செய்வது?

முதலில் கையைச் சோப்பு போட்டு நன்றாகக் கழுவுங்கள். அதிலும் பச்சை மிளகாய் நறுக்கிய கை, மிளகாய்த்தூள் அள்ளிய கை என்றால் ஒன்றுக்கு இரண்டு முறை. மிளகாயின் காரம் தண்ணீரில் கரையாது, எண்ணெயில்தான் கரையும். அதனால் கொஞ்சம் சமையல் எண்ணெய் தேய்த்துத் துடைத்துவிட்டுப் பிறகு சோப்பு போட்டால் காரம் போகும். இதைச் செய்யாமல் உரிந்த இடத்தைத் தொட்டவர்களுக்குத் தெரியும் அந்த எரிச்சல்.

புண்ணை வெறும் தண்ணீரில் கழுவி, ஒற்றிக் காயவைத்து, ஜிங்க் களிம்போ பெட்ரோலியம் ஜெல்லியோ சற்றுத் தடிமனாகப் பூசி, காய்ந்த உள்ளாடை மாற்றிக்கொள்ளுங்கள். முடிந்தால் அன்றைக்கு அதிகம் நடக்காத இடமாகக் கேட்டு வாங்குங்கள். காய் நறுக்குவது, மசால் பிடிப்பது, உட்கார்ந்து வெங்காயம் உரிப்பது மாதிரி.

இரவு குளித்துவிட்டு மறுபடி களிம்பு போட்டு, உள்ளாடை இல்லாமல் தளர்ந்த லுங்கியிலோ நைட்டியிலோ ஃபேனுக்கு அடியில் படுங்கள். தொங்கும் தோலை உரிக்காதீர்கள், அது அடியில் இருக்கும் புதுத்தோலை மூடிக் காக்கிறது. வெறும் உரசல் புண் என்றால் மூன்று, நான்கு நாளில் ஆறிவிடும்.

எலுமிச்சை, சுண்ணாம்பு, உப்புத் தண்ணீர், தலைவலித் தைலம் எதுவும் வேண்டாம். தண்ணீர் கலக்காமல் கிருமிநாசினியை ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். இடுக்குத் தோல் மெல்லியது, அது புண்ணின்மேல் ரசாயனப் புண்ணையும் உண்டாக்கிவிடும்.

இது உரசல் புண்ணா, படர்தாமரையா? எப்படித் தெரிந்துகொள்வது?

உரசல் புண் எரியும். படர்தாமரை அரிக்கும். இது முதல் அடையாளம்.

உரசல் புண் அன்றைக்கே வந்து, உரசும் இடத்தில் மட்டும் பச்சையாக நிற்கும், இரண்டு நாள் லீவு போட்டால் தணிந்துவிடும். படர்தாமரை பூஞ்சைத் தொற்று, மெல்ல வந்து வட்டமாக விரியும். ஓரம் சிவந்து சற்று மேடாகவும் செதிலாகவும் இருக்கும், நடுப்பகுதி தெளிந்துகொண்டே போகும். இடுக்கில் தொடங்கித் தொடை, பிட்டம், இடுப்பு என்று ஏறும். இரவில் அரிப்பு தூங்க விடாது.

மூன்றாவது ஒன்றும் உண்டு. மடிப்புக்குள் பளிச்சென்ற சிவப்பு, ஈரப் பளபளப்பு, சுற்றிலும் தனித்தனியாகச் சின்னச் சின்னக் கொப்புளங்கள் என்றால் அது கேண்டிடா என்ற ஈஸ்ட் பூஞ்சையாக இருக்கலாம். இது திரும்பத் திரும்ப வருகிறதென்றால் இரத்தத்தில் சர்க்கரை அளவைப் பார்த்துவிடுங்கள். சர்க்கரை நோய் இருப்பதே இப்படித்தான் சிலருக்கு முதலில் தெரியவருகிறது.

உரசல் புண்ணின் மேலேயே பூஞ்சை வந்து உட்காரவும் செய்யும். ஒரு வாரமாகியும் ஆறவில்லை என்றால் இனி இது வெறும் உரசல் இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மெடிக்கலில் கேட்டால் ஒரு டியூப் தருகிறார்கள். போட்ட இரண்டாம் நாளே அரிப்பு நின்றுவிடுகிறது. அதையே போடலாமே?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் என்றால், இதைப் படியுங்கள்.

அந்த டியூபில் பெரும்பாலும் பூஞ்சை மருந்தோடு வலுவான ஸ்டீராய்டும், சிலவற்றில் ஆன்டிபயாடிக்கும் கலந்திருக்கும். அரிப்பை நிறுத்தியது ஸ்டீராய்டு. அது தோலின் எதிர்ப்பை அடக்கிச் சிவப்பையும் அரிப்பையும் மறைத்துவிடுகிறது, அடியில் பூஞ்சை தடையில்லாமல் பரவுகிறது. டியூபை நிறுத்தியதும் முன்னைவிட மோசமாகக் கிளம்பும், பயந்துபோய் மறுபடி அதையே போடுவீர்கள். இப்படியே மாதங்கள் ஓடும். வட்டத்தின் உருவமே குலைந்துபோய், தோல் மருத்துவர்கூடப் பார்த்தவுடன் அடையாளம் காண முடியாத நிலைக்கு வரும். இடுக்குத் தோல் மெலிந்து, பிரசவத்துக்குப் பின் வயிற்றில் விழுவதைப் போன்ற வரிகள் தொடையில் விழும். அந்த வரிகள் போகவே போகாது.

இந்தியாவில் இது பெரிய அளவில் நடந்துகொண்டிருக்கிறது. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகளின் பட்டியலில் 14 வகை ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை மத்திய அரசு 2018-ல் சேர்த்தது. அப்படியிருந்தும் கடையில் கேட்டால் கிடைக்கிறது. இன்னொரு பக்கம், டெர்பினாஃபைன் என்ற முதன்மைப் பூஞ்சை மருந்துக்குப் பல நேரம் கட்டுப்படாத ஒரு பூஞ்சை இங்கே பரவியிருக்கிறது. 2020-ல் அதற்கு டிரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே என்று, இந்தியாவைச் சுட்டும் பெயரே வைத்தார்கள். இந்த நிலையில் டியூபை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பது பணத்துக்கும் கேடு, தோலுக்கும் கேடு.

கடையில் வாங்கியே ஆக வேண்டும் என்றால், டியூபின் மேல் எழுதியிருக்கும் மருந்துப் பெயர்களைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். க்ளோபெடசால், பீட்டாமெத்தசோன், மொமெடசோன், பெக்லோமெத்தசோன் போன்றவை எல்லாம் ஸ்டீராய்டுதான். எது ஸ்டீராய்டு என்று கடைக்காரருக்குத் தெரியும். "ஸ்டீராய்டு இல்லாதது கொடுங்கள்" என்று நேராகவே சொல்லுங்கள். பெரிய அரசு ஆஸ்பத்திரிகளில் தோல் பிரிவு உண்டு, புறநோயாளியாகப் போனால் காசில்லாமல் பார்ப்பார்கள். படர்தாமரை என்றால் மருந்து வாரக்கணக்கில் தொடர வேண்டும். அரிப்பு நின்றதும் நிறுத்தினால் திரும்ப வரும்.

பெண்களுக்கு வேறு என்ன கவனிக்க வேண்டும்?

முதலாவது பாவாடை நாடா. மெல்லிய கயிற்றை இறுக்கி முடிந்து, அதன்மேல் ஏப்ரன் கயிற்றையும் கட்டி, பத்து மணி நேரம் குனிந்து நிமிர்ந்தால் இடுப்பைச் சுற்றிக் கறுத்த தழும்பு விழுகிறது. பலர் அதை இயல்பு என்றே விட்டுவிடுகிறார்கள். புடவைக் கட்டு இறுகும் இடத்தில் வந்த புண் ஆறாமலே இருந்து தோல் புற்றுநோயாக மாறிய இரண்டு இந்தியப் பெண்களைப் பற்றி 2024-ல் ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழ் எழுதியது. மிக அரிதாக நடப்பதுதான். ஆனாலும் இடுப்பில் மாதக்கணக்கில் ஆறாத புண் இருந்தால் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். கயிற்றுக்குப் பதில் அகலப் பட்டி வைத்துத் தைத்த பாவாடை, தினமும் கட்டும் உயரத்தைச் சற்று மாற்றிக் கட்டுவது, இரவில் தளர்த்திவிடுவது ஆகியவை நாடாத் தழும்பைக் குறைக்கும். வேலைக்குச் சுடிதார் போட முடிந்தால் அதுவே மேல். அதிலும் அகல எலாஸ்டிக் வைத்த பேண்ட்.

புடவைக்கோ நைட்டிக்கோ அடியில், பள்ளிப் பிள்ளைகள் பாவாடைக்குள் போடும் சைக்கிளிங் ஷார்ட்ஸ் மாதிரியான ஒன்றைப் போட்டால் தொடை உரசல் நின்றுவிடும். விலையும் அதிகமில்லை.

மார்புக்கு அடியில் வரும் புண்ணுக்கு, பழைய மெத்தென்ற பருத்தி வேட்டித் துணியைக் கைக்குட்டை அளவு மடித்து மடிப்புக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அது ஈரத்தைக் குடிக்கும், தோலைத் தோலிலிருந்து பிரித்து வைக்கும். நனைந்ததும் மாற்ற வேண்டும். பெரிய வயிற்று மடிப்புள்ளவர்களுக்கும் இதே வழி. பிரா நனைந்த பிறகு அதன் அடிப்பட்டைதான் முதலில் அறுக்கும், எனவே மாற்று பிரா ஒன்றும் பையில் இருக்கட்டும்.

மாதவிடாய் நாட்களில் பேடின் ஓரம் தொடையைத் தேய்க்கும். நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது மாற்ற வேண்டும். மாற்ற இடமும் நேரமும் கொடுக்க வேண்டியது ஓட்டலின் பொறுப்பு.

பாத்திரம் கழுவும் இடத்தில் இருக்கிறேன். மேலிருந்து கீழ்வரை நனைந்தே இருக்கிறேன்.

உங்களுக்கு வியர்வையைவிடத் தொட்டித் தண்ணீர்தான் எதிரி. துணி ஏப்ரன் போதாது. மார்பிலிருந்து முழங்காலுக்குக் கீழே வரை இறங்கும் ரெக்சின் அல்லது பிளாஸ்டிக் ஏப்ரன் வேண்டும், அதன் அடிவிளிம்பு பூட்ஸுக்குள் தண்ணீரை வடியவிடாதபடி வெளியே விழ வேண்டும். கம்பூட்ஸுக்குள் வெறுங்காலோடு நிற்காதீர்கள். பருத்தி சாக்ஸ் இரண்டு ஜோடி வைத்துக்கொண்டு நடுவில் மாற்றுங்கள். கால்விரல் இடுக்கைத் துடைத்துக் காயவைக்கும் ஒரு நிமிடம்தான் சேற்றுப்புண் வராமல் காக்கும். ரப்பர் கையுறைக்குள் தண்ணீர் போய்விட்டால் கழற்றிக் கவிழ்த்துவிட்டு வேறு போடுங்கள். நனைந்த கையுறை கையுறை இல்லாததைவிட மோசம்.

பரோட்டா வீசும்போது அக்குள் எரிகிறது.

கை முழுக்கச் சுழலும் வேலை, அக்குள் தையல் ஆயிரக்கணக்கான முறை உரசும். பனியனில் கையில்லாத வகையை விட்டுவிட்டு அரைக்கை பனியன் போடுங்கள். அக்குளுக்குள் துணி வந்துவிடும். அக்குள் முடியை மழிப்பதற்குப் பதில் கத்தரியால் குட்டையாக வெட்டிக்கொள்ளுங்கள், மழித்த முடி முளைக்கும்போது குத்தி இன்னும் உறுத்தும். தொடை இடுக்குக்கும் இதேதான்.

வியர்வை குறைய வேண்டும் என்று தண்ணீர் குடிப்பதைக் குறைத்தால்?

கூடவே கூடாது. அடுப்படிச் சூட்டில் வியர்வைதான் உடம்பைக் காப்பாற்றுகிறது. தண்ணீரைக் குறைத்தால் மயக்கம், தசைப்பிடிப்பு, சிறுநீர்க் கல் என்று வேறு கஷ்டங்கள் வரும். நீர்மோர் குடியுங்கள்.

மெஸ் ரூமில் பத்துப் பேர் தங்கியிருக்கிறோம். ஒருவருக்கு வந்தால் எல்லோருக்கும் வருகிறது.

அப்படியென்றால் அது உரசல் இல்லை, பெரும்பாலும் பூஞ்சை. உரசல் புண் தொற்றாது. கொடியில் தொங்கும் துண்டு யாருடையது என்று தெரியாமல் எடுத்துத் துடைப்பது, லுங்கியை மாற்றிக் கட்டுவது, ஒரே பாய், ஒரே வாளியில் எல்லார் ஜட்டியும் ஊறுவது, இவற்றால்தான் பரவுகிறது. ஒவ்வொருவருக்கும் தனித் துண்டு, நிறத்தால் பிரித்துக்கொண்டால் குழப்பம் வராது. அறையில் எத்தனை பேருக்கு இருக்கிறதோ அத்தனை பேரும் ஒரே சமயத்தில் டாக்டரைப் பார்க்க வேண்டும். ஒருவர் மட்டும் மருந்து போட்டால் மற்றவரிடமிருந்து அவருக்கே திரும்ப வரும்.

துவைத்த உள்ளாடையை உள்பக்கம் வெளியே திருப்பி வெயிலில் காயப்போடுங்கள். கூச்சத்தில் லுங்கிக்கு அடியில் மறைத்துக் காயப்போட்டால் காயாது. சோப்பு நன்றாகப் போகும்வரை அலசுங்கள், தங்கிய சோப்பும் உறுத்தும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காயாத துணியை இஸ்திரி போட்டு ஈரத்தை முழுக்க எடுத்த பிறகுதான் உடுத்த வேண்டும்.

எப்போது கட்டாயம் டாக்டரிடம் போக வேண்டும்?

சீழ், துர்நாற்றம், காய்ச்சல், சுற்றிலும் சிவப்பு பரவிச் சூடாக இருப்பது, இடுக்கில் நெறி கட்டுவது ஆகியவற்றில் ஏதாவது ஒன்று வந்தால் அன்றைக்கே போக வேண்டும். சர்க்கரை நோயாளிகள் சின்னப் புண் என்றாலும் காத்திருக்க வேண்டாம்.

ஓட்டல் நடத்துகிறேன். ஆட்கள் இதையெல்லாம் என்னிடம் சொல்வதில்லை. நான் என்ன செய்ய முடியும்?

சொல்லமாட்டார்கள். அதனால் அவர்கள் கேட்காமலே செய்ய வேண்டும்.

ஒருவருக்கு ஒரு செட் யூனிஃபார்ம் கொடுத்தால் அவர் நனைந்ததையே மறுநாளும் போடுவார். மூன்று செட் கொடுங்கள், பருத்தியில் கொடுங்கள். ஆட்களுக்கென்று தாழ்ப்பாள் போடும் வசதியோடு ஒரு கழுவும் இடம், துணி மாட்ட ஆணி, ஒரு ஃபேன் வையுங்கள். எக்ஸாஸ்ட் ஃபேன் எண்ணெய்ப் பிசுக்கு அடைத்துச் சுற்றாமல் நிற்கிறதா என்று நீங்களே போய்ப் பாருங்கள். டிபனுக்கும் சாப்பாட்டுக்கும் நடுவில் பத்து நிமிடம் மாற்றி மாற்றி விடுங்கள். முதலுதவிப் பெட்டியில் ஜிங்க் களிம்பு ஒன்று இருக்கட்டும், யாரும் கேட்காமல் எடுத்துக்கொள்ளும் இடத்தில். ஒரே டப்பாவில் பல பேர் விரல் விடக் கூடாது, டியூபாக வாங்குங்கள்.

இது இரக்கத்துக்காக மட்டும் சொல்வதில்லை. அரிக்கும் இடுக்கைச் சொறிந்த கை மாவுக்குத்தான் போகிறது. சீழ்ப்புண்ணில் இருக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமி உணவில் விழுந்து வளர்ந்தால் அது விடும் நஞ்சு கொதிக்க வைத்தாலும் முழுதாக அழியாது, சாப்பிட்டவர்கள் சில மணி நேரத்தில் வாந்தியெடுப்பார்கள். உணவைக் கையாளுகிறவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு முறை மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு விதிகளே சொல்கின்றன. அந்தப் பரிசோதனையைக் கையெழுத்துக்காக மட்டும் நடத்தாமல், ஆண் டாக்டர் ஒருவரும் பெண் டாக்டர் ஒருவரும் தனியறையில் பார்க்க ஏற்பாடு செய்தால், உங்களிடம் சொல்லாததை அவர்களிடம் சொல்வார்கள். புண் இருக்கிறது என்று சொன்னவருக்கு அன்றைய சம்பளத்தைப் பிடிக்காதீர்கள். பிடித்தால் அடுத்த முறை யாரும் சொல்லமாட்டார்கள்.